வாக்குத்தத்த வண்டி

வலது பக்கம் திரும்புவதற்காக தேவானந்தம் இண்டிகேட்டரைப் போட்டார். இடது பக்கப் பின்கண்ணாடி இறங்கியது.

இண்டிகேட்டரை அணைத்தார். கண்ணாடி பாதியில் நின்றது. மறுபடி போட்டார். மிச்சமிருந்த கண்ணாடியும் கதவுக்குள் போய் மறைந்துவிட்டது. குரோம்பேட்டை சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி வண்டிக்குள் பார்த்தார்.

"இன்னா சார், ஏசி வேல செய்யலியா?"

"செய்யுதுப்பா. காத்து வரட்டும்னு இறக்கினேன்."

"ஏசியும் போட்டுகினு கண்ணாடியும் எறக்கிகினு. நல்லா கீற சார் நீ" என்று சொல்லிவிட்டு அவர் பச்சை விளக்குக்குக் காத்திராமல் போய்விட்டார்.

வண்டி வாங்கி அன்று எட்டாவது நாள். அதை மனைவி ஜெயசீலியிடம் காட்டத்தான் அவர் அஸ்தினாபுரம் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடி ஏறுகிற வழியைக் காணோம். அறுபத்திரண்டு வயதில், குளித்து, சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, சொந்த மனைவியைப் பார்க்கப் பெண் பார்க்கப் போகிறவரைப் போலப் போகிற மனிதருக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

வண்டி வெளிநாட்டுக்காரன் காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்று செய்தது. கரும்பச்சை நிறம். ஒரு படியில் கால் வைத்துத்தான் உள்ளே ஏற முடியும். பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்கள் அவர் குடியிருந்த பெனியேல் நகரில் யாரும் இல்லாததால் எல்லோரும் ‘பெரிய ஜீப்’ என்றார்கள். புதிதாக இருந்தபோது அதன் விலைக்கு ஒரு வீடு வாங்கியிருக்கலாம். பதின்மூன்று வருஷம் கழித்து ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்கு வந்திருந்தது. இவ்வளவு பெரிய சரிவுக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று, முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு அட்டை இருந்ததுதான் காரணம்.

அதற்கு முந்தைய மாதம், டிசம்பரில், அடையாறு கரை தாண்டி முடிச்சூர்ப் பக்கமிருக்கும் பெனியேல் நகருக்குள் வந்தது. தேவானந்தம் வீட்டில் சமையல் மேடைவரை தண்ணீர். ஜெயசீலி மேடைமேல் ஏறி, ஒரு கையில் மிக்ஸியும் இன்னொரு கையில் கல்யாண ஆல்பமுமாக ஏழு மணி நேரம் நின்றாள். அவள் கண்ணெதிரே ஃபிரிட்ஜ் மிதந்து ஹாலுக்குப் போய், விருந்தாளி மாதிரி சோபாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கியது. படகு வந்து ஏற்றிக்கொண்டு போனபோது அவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அஸ்தினாபுரத்தில் தங்கை ஜோசலினின் இரண்டாவது மாடி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் இனிமே அந்த வீட்டுக்கு வரமாட்டேங்க" என்றாள். "நீங்களும் இங்க வந்துடுங்க. எதிர் போர்ஷன் காலியாத்தான் இருக்கு."

"நான் பக்கத்துல நின்னு கட்டின வீடு ஜெயசீலி. அதை விட்டுட்டு மச்சினி வீட்டு வாசல்ல வந்து உட்காரச் சொல்றியா?"

"தண்ணியில நிக்கறதுக்கு வாசல்ல உட்காரலாம்."

அவர் தனியாகத் திரும்பிப் போனார். பதினொரு நாள் சேறு அள்ளினார். மெஸ்ஸிலிருந்து வந்த சாப்பாட்டைச் சுவரில் தெரிந்த தண்ணீர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவள் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் வரவில்லை. மின்தடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பேசுவார், இதைப் பற்றிப் பேச அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த நிலையில்தான் புது வருஷம் பிறந்தது. அவர்கள் சபையில் ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் எது கைக்கு வருகிறதோ, அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்தக் குடும்பத்துக்கு வருஷம் முழுவதும். பிடிக்கவில்லையென்று திருப்பி வைக்க முடியாது. இன்னொன்று எடுத்தால் அது அடுத்த வீட்டுக்காரருடையது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் ஆபேல் தட்டை ஏந்தி நின்றார். தேவானந்தம் கடைசி ஆளாகப் போனார். அவர் ஒன்றை எடுக்க, மிச்சமிருந்த ஒன்றை ஆபேல் எடுத்துப் படித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் துழாவியபடியே வாசலுக்கு வந்த தேவானந்தம், பின்னாலேயே தட்டோடு வந்த ஆபேல் மேல் நன்றாக மோதிக்கொண்டார். கையிலிருந்ததெல்லாம் கீழே விழுந்தது. இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குனிந்து, தலையையும் முட்டிக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது. வருஷம் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டே அதைப் போட்டு, அட்டையைப் படித்தார்.

உன்னை உயர்ந்த இடங்களில் ஏற்றி வைப்பேன் என்ற பொருளில் வசனம் இருந்தது.

அவர் அதை மூன்று முறை படித்தார். கீறலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதேதான் இருந்தது. தண்ணீருக்கு மேலே, உயரத்தில். ஆண்டவர் இதைவிட விளக்கமாகச் சொல்ல மாட்டார் என்று அவருக்குப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழ்க்கட்டளையில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் நிகிலிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, சபையில் எழுந்து நின்று, தமக்கு இந்த வசனம் கிடைத்ததென்று சாட்சியும் சொல்லிவிட்டார்.

"இடுப்பளவு தண்ணில அசால்ட்டா இறங்கி ஏறும் சார்" என்று நிகில் ஒரு படத்தைக் காட்டியிருந்தான். அதில் இதே வண்டி ஓர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஜெயசீலியை உட்காரவைத்துப் பார்த்தார் தேவானந்தம். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எலக்ட்ரிகல்ல மட்டும் சின்னச் சின்னதா ஏதாச்சும் சேட்டை பண்ணும் சார். ஃபாரின் வண்டி, பழகிட்டா சரியாயிடும்."

"அது என் சப்ஜெக்ட்தான் தம்பி" என்றார் தேவானந்தம்.

அஸ்தினாபுரத்தில் ஜெயசீலி மாடியிலிருந்து இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். வண்டி தண்ணீரில் போகும் என்பதை அவர் விளக்கிச் சொன்னார். அவள் திறந்து கிடந்த பின்கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது வழியா தண்ணி உள்ள வராதா?"

"அது சின்ன விஷயம். சரி பண்ணிடலாம்."

"சரி பண்ணுங்க. ஒரு குறையும் இல்லன்னு ஆனப்புறம் வந்து கூப்பிடுங்க. நான் வரேன்."

வருகிறேன் என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

முடிச்சூர் சாலையில் ஜெயகிருஷ்ணன் என்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்தார். வண்டிகளின் எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே பெயர்தான் உண்டு.

"எர்த்து சார். எர்த்து ஒயங்கா இல்ல. அதான் இது இங்க போவாம அங்க போவுது."

"அப்ப மின்னோட்டம் குறைந்த மின்தடை உள்ள பாதையைத் தேடுதுன்னு அர்த்தம்" என்றார் தேவானந்தம்.

"அது இன்னாத்த வேணா தேடட்டும் சார். நான் ஒரு ஒயரப் போட்டு வுட்றேன்."

ஒயரைப் போட்டுவிட்டார். இண்டிகேட்டர் இண்டிகேட்டராகவும் கண்ணாடி கண்ணாடியாகவும் ஆயின. தேவானந்தம் அன்று இரண்டு முறை ஜெயசீலிக்கு ஃபோன் செய்தார். பிப்ரவரி கடைசியில், அவளுக்குச் சின்ன வயதில் பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஞானமணி டீச்சர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக ஜெயசீலி முதல் முறையாகப் பெரிய ஜீப்பில் ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "உயரமாத்தான் இருக்கு" என்றாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அமரர் ஊர்திக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. ஊர்தி நகர்ந்து, முதல் முறை நின்றபோது தேவானந்தம் பிரேக்கை மிதித்தார். ஹாரன் அடித்தது.

ஊர்திக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரின் மகன் திரும்பிப் பார்த்தார். தேவானந்தம் கையைக் கூப்பினார். கையைக் கூப்பியதில் வண்டி லேசாக உருண்டது. பிரேக்கை மிதித்தார். ஹாரன் அடித்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் ஜெயசீலி பல்லைக் கடித்தபடி.

"நான் ஒண்ணும் பண்ணல. பிரேக்தான் போடறேன்."

"அப்ப போடாதீங்க."

"போடலன்னா டீச்சர் மேலயே போய் இடிச்சிடும்."

முன்னாலும் பின்னாலும் வண்டிகள், ஒதுங்க வழியில்லை. கல்லறைத் தோட்டம்வரை ஒன்றரைக் கிலோமீட்டர். ஊர்வலம் பத்தடிக்கு ஒருமுறை நின்றது. பத்தடிக்கு ஒருமுறை, டீச்சரைச் சீக்கிரம் போகச் சொல்வதுபோல் பெரிய ஜீப் ஹாரன் அடித்தது. அது சாதாரண ஹாரனுமில்லை, காட்டில் யானையை விரட்டுவதற்கென்று வைத்தது. கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும் என்று ஆயர் குழியருகே நின்று சொன்னபோது, கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பி தேவானந்தத்தைப் பார்த்தார்கள்.

ஜெயசீலி அழுதுகொண்டிருந்தாள். டீச்சருக்காக எவ்வளவு, அவமானத்துக்காக எவ்வளவு என்று பிரிக்க முடியாத அழுகை. தங்கையோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆபேல் மெதுவாக அவர் பக்கம் வந்தார். பெனியேல் நகரின் பின்தெருவில் பத்து வருஷம் வாடகைக்கு இருந்தவர், போன மாதம்தான் படப்பைக்குக் குடி மாறியிருந்தார். அங்கிருந்து தினமும் மொபெட்டில் வந்துபோனார்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"ஹாரன் விஷயம்தானே ஆபேல்? எனக்குக் காது கேக்குது."

"அது இல்ல சார்..."

"சரி பண்ணிடறேன்னு ஆயர்கிட்ட சொல்லிடு" என்று தேவானந்தம் வண்டியில் ஏறிக்கொண்டார். ஆபேல் மண்வெட்டியோடு அங்கேயே நின்றார்.

"எர்த்துதான் சார்" என்றார் ஜெயகிருஷ்ணன். "அன்னிக்கு நான் போட்ட எர்த்து ஸ்ட்ராங்கா கீது. இத்த பேஜார் பண்ணுது. ஹாரனையே புடுங்கிட்றேன். கூவுனா நீயே ஜன்னல்ல கூவு."

ஹாரனைப் பிடுங்கினார். பிரேக் பிரேக்காக மட்டும் இருந்தது. மே மாதத்தில் ஒரு கோடை மழை பெய்தபோது தேவானந்தம் தாம்பரம் மேம்பாலத்தில் வைப்பரைப் போட்டார். தலைக்கு மேலே கூரைக் கண்ணாடி சாவகாசமாக நகர்ந்து திறந்துகொண்டது.

வைப்பரை நிறுத்தினால் கூரை மூடியது, ஆனால் முன்னால் சாலை தெரியவில்லை. வைப்பரைப் போட்டால் சாலை தெரிந்தது, அவர் நனைந்தார். பார்வையா, துணியா என்று மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வண்டியை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வண்டிக்குள் குடை பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற பழைய மாணவன் ஒருவன் வணக்கம் சொன்னான். குடையைத் தாழ்த்தி அவரும் வணக்கம் சொன்னார்.

"சரியாயிடுச்சா?" என்றாள் ஜெயசீலி ஃபோனில்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி."

"போன வாரமும் அதத்தான் சொன்னீங்க."

"இது வேற ஒண்ணு."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள். அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை.

ஜெயகிருஷ்ணன் டேஷ்போர்டைக் கழற்றிப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார். திருப்பி மாட்டியபோது ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூ மிச்சமிருந்தது. வெளிநாட்டுக்காரன் எப்போதும் இரண்டு அதிகமாகவே போடுவான் என்று ஆறுதல் சொன்னார். கூரை அப்போதும் வைப்பருக்குத்தான் கட்டுப்பட்டது. இனி இவரை நம்பிப் பயனில்லையென்று தேவானந்தம் சார்ட் தாள் வாங்கி, பள்ளிக்கூடத்து ஸ்கேல் வைத்து, வண்டியின் மின்சுற்று முழுவதையும் வரைந்தார். ஜூலையில் ஆரம்பித்து செப்டம்பரில் முடித்தார். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்த அதே தவறை எங்கோ செய்திருந்தார். சுழித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. படத்தைப் பார்த்துச் சரியாக ஒரு ஒயரை வெட்டினார்.

அன்றிலிருந்து, சாவியைத் திருப்பியதும் நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துத்தான் திறந்தன. உள்ளேயிருந்து என்ன செய்தாலும் பயனில்லை. கண்ணாடிகளும் கதவுகளோடு சேர்ந்துகொண்டன. கூரை எப்போதும்போல் வைப்பரோடு இருந்தது. ரேஷன் கடை வாசலில் அவர் வண்டிக்குள் பத்து நிமிஷம் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள், பாவம், மனைவி போனதிலிருந்து இப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

நவம்பரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, கொட்டுகிற மழையில், கையில் ஒரு தூக்குச் சட்டியோடு ஜெயசீலி வாசலில் நின்றாள்.

"வண்டி இன்னும் சரியாகல ஜெயசீலி" என்றார் அவர் போர்வைக்குள்ளிருந்து.

"வண்டி சரியாகட்டும்னு இருந்தா நமக்கு வயசாகி முடிஞ்சிடும்போல இருக்கு. எழுந்திருங்க, கஞ்சி குடிங்க."

கஞ்சி குடித்தார். அவள் வீட்டைப் பெருக்கினாள். தண்ணீர்க்கோடு தெரியாமலிருக்க அவர் மாட்டியிருந்த காலண்டரைத் தூசி தட்டி நேராக மாட்டினாள். அந்த இரண்டு நாள் அவருக்குச் சந்தோஷத்தில் காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது. மழை இறங்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் தெருவில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் படியைக் காணோம்.

ஜெயசீலி சமையல் மேடையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"என்னால மறுபடி அது மேல ஏறி நிக்க முடியாதுங்க."

"நிக்க வேணாம். வா" என்றார் தேவானந்தம். பதினொரு மாதமாக அவர் காத்திருந்த நேரம் அதுதான்.

பெரிய ஜீப் முதல் திருப்பிலேயே உறுமிக் கிளம்பியது. கதவுகள் பூட்டிக்கொண்டன. முழங்கால் தண்ணீரில் அது கப்பல்போல் இறங்கியது. இரண்டு பக்கமும் அலை எழுந்து சுவர்களில் மோதியது. மொட்டை மாடிகளில் நின்றவர்கள் கை காட்டினார்கள். ஜெயசீலி முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பயந்தபடியே லேசாகச் சிரித்தாள். அந்தப் படத்தில் இருந்தது இதுதான், ஆள் மட்டும் அவருடைய ஆள். தெருமுனைவரை, எண்பது மீட்டர், தேவானந்தம் தம் வாழ்க்கையிலேயே மிக நன்றாக இருந்தார்.

தெருமுனையில் தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறியது. டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ரேடியோ தானாகப் பாடியது. பின்சீட்டு சூடாகத் தொடங்கியது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பத்து நிமிஷத்துல கதவு தானா திறக்கும்."

பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. திறக்கவில்லை. காலடியில் தண்ணீர் கசிந்து செருப்பு மிதந்தது. தேவானந்தத்துக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்து, வலது இண்டிகேட்டரைப் போட்டார். பின்கண்ணாடி அசையவில்லை. ஜெயகிருஷ்ணன் உருப்படியாகச் சரிசெய்த முதல் விஷயம் அதுதான். உதவிக்கு யாரையாவது கூப்பிடலாமென்று பிரேக்கை மிதித்தார். ஹாரனைப் பிடுங்கி அதையும் அவர் சரிசெய்திருந்தார்.

"சரி பண்ணாதது ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றாள் ஜெயசீலி.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். வைப்பரைப் போட்டார். வைப்பர் ஆடவில்லை. தலைக்கு மேலே கூரைக் கண்ணாடி சாவகாசமாக நகர்ந்து திறந்தது.

அறுபத்திரண்டு வயது மனிதர் ஐம்பத்தெட்டு வயது மனைவியைக் காரின் கூரைவழியாக வெளியே ஏற்றுவதை விவரிக்காமல் விடுவதுதான் மரியாதை. நடுவில் ஒருமுறை அவள் முழங்கால் அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டு, கீறல் இல்லாத பக்கமும் உடைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசியில் இருவரும் வண்டியின் தலைமேல், மழையில், குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பழுப்பு நிறத் தண்ணீர். யாருடைய வீட்டு நாற்காலியோ அவர்களைத் தாண்டிப் போயிற்று.

தேவானந்தம் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"உயர்ந்த இடத்துல ஏத்தி வைப்பேன்னு சொன்னது இதுதான்போல" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "எதுக்குங்க இந்த வண்டி? எதுக்கு இவ்வளவும்?"

அவர் அட்டையை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார். "நீ இல்லாம என்னால முடியல ஜெயசீலி. இது இருந்தா நீ வருவேன்னு நெனச்சேன்."

"அதச் சொல்றதுக்கு இவ்வளவு பெரிய வண்டியா வேணும்? ஒரு ஃபோன்ல சொல்லியிருக்கலாமே." அவள் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். "நான் எப்பவோ சொன்னேன், நீங்க கிளம்பி வந்துடுங்கன்னு."

"வசனம் வேற மாதிரி வந்துடுச்சே" என்றார் தேவானந்தம் பரிதாபமாக. ஆண்டவர் சொல்லுக்கும் மனைவி சொல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதனால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. பெயிண்ட் உதிர்ந்த பழைய டிராக்டர். ஒரு விளக்குகூடக் கிடையாது, பேட்டரி செத்துப் பல வருஷமாகி, தள்ளிவிட்டுத்தான் கிளப்புவார்கள். அது இடுப்பளவுத் தண்ணீரில் மாடுபோல் நடந்து வந்து பெரிய ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த ஆபேல் கையை நீட்டினார்.

"மெதுவா எறங்குங்கம்மா. நான் புடிச்சிக்கிறேன். சார், நீங்களும் வாங்க."

டிரெய்லரில் உட்கார்ந்ததும் ஜெயசீலிக்கு அழுகை வந்துவிட்டது. ஆபேல் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். "எங்க வூட்டு ஓனர் வண்டிம்மா. பெனியேல் நகர்ல தண்ணின்னு கேட்டதும் படப்பையிலேர்ந்து கெளம்பிட்டோம்."

வழியில், பள்ளத்தில் இருந்த பின்தெரு தெரிந்தது. ஆபேல் பத்து வருஷம் குடியிருந்த ஓட்டு வீட்டில் ஓடு மட்டும் தெரிந்தது.

"நல்லவேளை ஆபேல், நீங்க அங்க போயிட்டீங்க" என்றாள் ஜெயசீலி. "சின்னப் பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்ன ஆகியிருக்கும். எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

ஆபேல் தேவானந்தத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்த ஓர் அட்டையை எடுத்தார்.

"இந்த வருஷம் வாக்குத்தத்தம் அப்படி இருந்துச்சும்மா. இருக்கற எடத்த வுட்டுக் கெளம்பு, வேற எடத்துல உன்னை நல்லா வெப்பேன்னு. அதுக்குக் கீழ்ப்படிஞ்சுதான் போனேன்."

"பாத்தியா ஜெயசீலி, எவ்வளவு தெளிவா ஒரு வசனம்" என்றார் தேவானந்தம். தூரத்தில் பெரிய ஜீப்பின் கூரை தண்ணீருக்கு மேலே தெரிந்தது, அது மறுபடி தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "சிலருக்குத்தான் அப்படி வருது. உனக்கு வந்த மாதிரி எனக்கு வந்திருந்தா, நானும் அன்னைக்கே கிளம்பி அஸ்தினாபுரம் போயிருப்பேன் ஆபேல்."

ஆபேல் தலையைக் குனிந்துகொண்டு, அட்டையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"இது எனக்கு வந்தது இல்ல சார், புது வருஷத்தன்னைக்கு வாசல்ல மோதிக் கீழ விழுந்தப்போ கை மாறிப்போன உங்க அட்டை."